பர்டெட்டின் பெரிய சென்ட்

சென்ற ஆண்டுக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "பட்டியல் போடற ராலின் தேயர் உங்க கூடப்பிறந்த அண்ணனாமே டீச்சர்? அப்புறம் ஏன் நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில உட்கார்றதில்லை?"

"மேசை சின்னது" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் நான் ஒஹாயோ மாநிலம் மேரியெட்டாவில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கேள்வி கேட்டவரை அரைகுறைப் பதிலோடு அனுப்பிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே முழுப் பதிலையும் இங்கே தருகிறேன். என் கடிதங்களுக்குக் கார்பன் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். மற்றவர்கள் எழுதியவை என்னிடமே இருக்கின்றன.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்கு இரண்டு செய்திகள் மட்டும். 1857 வரை நம் நாட்டில் சென்ட் என்பது உள்ளங்கையில் கனக்கும் பெரிய செப்புக் காசு. அவற்றைச் சேர்க்கும் எங்களுக்குச் செம்புக்காரர்கள் என்று பெயர். ஒவ்வொரு காசுக்கும் எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். ஒவ்வொரு வகையிலும் மிகச் சிறந்த ஆறு காசுகளை, உடையவர் பெயரோடு, எங்கள் கழகம் ஒரு பட்டியலாக அச்சிடும். அதில் பெயர் வருவதைவிடப் பெரிய மரியாதை எங்கள் கூட்டத்தில் இல்லை. என் கணவர் பர்டெட் கிரேன் 1979 பிப்ரவரியில் காலமானார். புதிய பட்டியல் நவம்பரில் அச்சுக்குப் போக இருந்தது.

*

மேரியெட்டா
9 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் கோரா அண்ணியும் நலமா? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே ஆறு கரை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அடக்கத்துக்கு நீ அனுப்பிய பூக்கள் வந்து சேர்ந்தன. பனியால் வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய், சரி.

இத்துடன் பதிவுத் தபாலில் ஒரு காசு வருகிறது. 1794. பர்டெட் மதிப்பெண் எழுதிய உறையிலேயே வைத்திருக்கிறேன்.

பர்டெட் மதிப்பெண் போடும் அழகு எனக்குத் தெரியாததல்ல. தரையில் ஓட்டை விழுந்த காரையும், "பாதிரியார் சம்சாரம் ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டின வண்டிங்க" என்று விற்றவர். காசுகளையும் அப்படித்தான் பார்த்தார். அவருடைய பெட்டியில் இருக்கும் எந்த உறையையும் நான் நம்பச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்: "மத்ததெல்லாம் கொஞ்சம் ஏத்திப் போட்டிருப்பேன், ஹெஸ்டர். இந்த ஒண்ணு மட்டும் நிஜம். மச்சானுக்கு அனுப்பு. அவர் பார்த்தா தெரியும். பட்டியல்ல ஒரே ஒரு வரி வந்தா போதும் எனக்கு."

இந்த வகைப் பட்டியலை நீதானே போடுகிறாய். உள்ளதை உள்ளபடி பார்த்துச் சொல். சலுகை வேண்டாம். பார்த்தால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
ஹெஸ்டர்

*

வூஸ்டர்
7 மே 1979

அன்புள்ள ஹெஸ்டர்,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். கோராவின் முழங்கால் பரவாயில்லை. இப்போது அவளே மாடிப்படி ஏறி வந்து என் மேசையில் தூசி தட்டிவிட்டு, என்னைத் திட்டிவிட்டும் போகிறாள். தோட்டத்தில் பட்டாணி போட்டாயிற்று.

காசு பத்திரமாக வந்தது. மறுநாளே பார்த்துவிட்டேன், திருப்பி அனுப்பத்தான் நேரம் ஆகிவிட்டது. இத்துடன் மதிப்பெண் எழுதிய என் அட்டை இருக்கிறது. பதினைந்து. பின்பக்கம் நடுவில் 'ஒரு சென்ட்' என்ற எழுத்து தேய்ந்து மங்கிவிட்டது. பட்டியலில் இப்போது ஆறாவதாக இருப்பதே முப்பது. ஆகவே பேச்சுக்கே இடமில்லை.

உறையில் பெரிதாக நாற்பது என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, கழகத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. யாராவது கூட்டிப் போட்டால், "என்னய்யா, கார்க்கடை மார்க்கா?" என்பார்கள். வருத்தப்படாதே, வேடிக்கைக்குச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ராலின்

*

மேரியெட்டா
14 மே 1979

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் நலம்தானே. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன் அட்டையைப் படித்துவிட்டு, காசைச் சமையலறை மேசையில் துணி விரித்து வைத்தேன். பர்டெட்டின் லென்ஸை எடுத்தேன். நாலு நாள் பார்த்தேன். உன்னளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு சந்தேகம், பொறுமையாகக் கேள்.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பார்கள். ஒருத்தி போன வருடம் படித்து மறந்தவள். மற்றவனுக்கு அந்தப் பாடத்தை யாருமே நடத்தவில்லை. இரண்டு பேர் விடைத்தாளும் காலிதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே முட்டையைப் போட்டால் நான் டீச்சரே இல்லை. அக்கம்பக்கத்துக் கேள்விகளைப் பார்த்தால் யார் மறந்தவர், யாருக்கு நடத்தவில்லை என்று தெரிந்துவிடும்.

இந்தக் காசிலும் அக்கம்பக்கத்தைப் பார். எழுத்து மங்கியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த எழுத்தைச் சுற்றியுள்ள தரை இன்னும் கண்ணாடிபோல் மினுங்குகிறது. பல பேர் கை பட்டுத் தேய்ந்திருந்தால் அந்த மினுக்கம் அல்லவா முதலில் போயிருக்கும்? திருப்பிப் பார். முன்பக்கத்தில் பெண்ணின் தலைமயிர் ஒவ்வோர் இழையாக நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் எந்தக் கை தேய்க்கும்? எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நாணயச்சாலையிலேயே அச்சு நடுவில் உள்வாங்கிப்போய், அந்த எழுத்து முதல் நாளிலிருந்தே எழும்பவில்லை. இந்தக் காசு எதையும் இழக்கவில்லை. அதற்குக் கொடுக்கப்படவே இல்லை.

நான் சொல்வது தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறு என்று எழுது, திருத்திக்கொள்கிறேன். காசை மறுபடி அனுப்பட்டுமா?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
ஹெஸ்டர்

*

வூஸ்டர்
2 ஜூலை 1979

அன்புள்ள ஹெஸ்டர்,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. பட்டியல் வேலையும், கோராவின் தங்கை குடும்பம் வந்து இரண்டு வாரம் டேரா போட்டதும் சேர்ந்து ஆளை விழுங்கிவிட்டன. வெயில் கடுமை. அங்கே எப்படி?

காசை மறுபடி அனுப்ப வேண்டாம். நாலு நாள் லென்ஸ் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அச்சு உள்வாங்கியதாகத்தான் தோன்றும். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதையேதான் எழுதுகிறார்கள். யாரும் தன் காசு தேய்ந்துபோனது என்று ஒத்துக்கொண்டதில்லை.

நீ கல்யாணமாகி அந்த ஊருக்குப் போகும் முன்பிருந்தே நான் செம்பு பார்க்கிறேன். தெருவில் எதிரில் வருகிற ஆளின் முகம் எனக்கு மறந்துபோகும். கையில் எடுத்த காசு மறந்ததில்லை. இது கழகம் முழுக்கத் தெரியும். உன் காசைப் பார்த்தேன். பதினைந்து.

இன்னொன்றையும் யோசி. நான் அதைப் பட்டியலில் போட்டால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? "தங்கச்சி புருஷன்னு உள்ளே தள்ளிட்டான்" என்பார்கள். இத்தனை வருடம் ஒரு ஆள் என்னை அப்படிச் சொன்னதில்லை. என் நேர்மைதான் அந்தப் பட்டியல். துக்கத்தில் இருக்கிறாய், புரிகிறது. கொஞ்ச நாள் போகட்டும், இந்தக் காசெல்லாம் பெரிதாகத் தோன்றாது.

அன்புடன்,
ராலின்

*

மேரியெட்டா
6 ஜூலை 1979

ராலின் அண்ணனுக்கு,

நான் நலம். வெயில் இங்கும் உண்டு.

தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறு என்று எழுதக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. மினுக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலைமயிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் நேர்மையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால், 'கேட்டதற்குப் பதில் எழுதவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

துக்கத்தில் இருப்பவளுக்குக் கண் தெரியாது என்று யார் சொன்னது? எனக்கு இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. அடக்கத்தன்று பனியால் வர முடியவில்லை என்று எழுதினாய். அதே நாள் உங்கள் ஊரிலிருந்து பர்டெட்டின் படைத் தோழர் ஒருவர், ஒரு கால் சரியில்லாதவர், கார் ஓட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். அவர் தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டேன், "பனி எப்படி இருந்தது?" அவர் சொன்னார்: "பனியா? ரோடு வறண்டு கிடந்தது அம்மா."

அதை நான் உன்னிடம் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். என் கணவருடைய சத்தம், அவர் போட்ட கட்டம்போட்ட கோட்டு, விருந்து மேசையில் உன் முதுகில் தட்டி "என்ன மச்சான்!" என்றது, எதுவுமே உனக்குப் பிடிக்கவில்லை. தெரியும். பிடிக்காமலே இருந்துவிட்டுப் போ. ஆனால் நான் உன்னிடம் அனுப்பியது மனிதனை அல்ல, காசை.

ஹெஸ்டர்

*

மேரியெட்டா
20 ஜூலை 1979

மதிப்பிற்குரிய திரு. ஸ்டாஃபர் அவர்களுக்கு,

வணக்கம். லாங்காஸ்டரில் நீங்களும் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். பர்டெட் இறந்தபோது நீங்கள் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நம் கழகத்தில் அவரைப் பற்றிச் சிரிக்கும்படி எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான்; அதற்காகவே இரண்டு முறை படித்தேன்.

உங்களிடம் ஓர் உதவி. இத்துடன் வரும் 1794ஐ நீங்களே பாருங்கள். எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டாம். பிறகு அதை உங்கள் வீட்டு உறை ஒன்றில், மேலே எதுவும் எழுதாமல், போட்டு வையுங்கள். செப்டம்பரில் உங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு ராலின் வருவார். மற்றக் காசுகளோடு இதையும் அவர் முன் வையுங்கள்.

பொய் எதுவும் சொல்ல வேண்டாம். 'யாருடையது?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் சும்மா இருங்கள். அவர் எழுதும் அட்டையைக் காசோடு எனக்கு அனுப்பிவையுங்கள்.

இது உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால் காசை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
ஹெஸ்டர் கிரேன்

*

லாங்காஸ்டர்
24 செப்டம்பர் 1979

அன்புள்ள திருமதி கிரேன் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சோளம் நன்றாக விளைந்திருக்கிறது. என் மனைவி உங்களுக்கு ஆப்பிள் ஜாம் ஒரு ஜாடி கட்டி வைத்திருக்கிறாள், தனியாக வரும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை சாப்பாடு முடிந்து, எங்கள் சமையலறையில் ஒரே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ராலின், நான், யார்க்கிலிருந்து வந்த டுவைட் கேலர், மூன்றே பேர். உங்கள் காசை நாலாவதாக வைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ராலின் விளிம்பில் பிடித்து எடுத்தார். விளக்கில் ஒரு சாய்ப்புச் சாய்த்தார். அவ்வளவுதான், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எஃப்ரைம், பாவி மனுஷா! இதை எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

"எவ்வளவு சொல்றீங்க?" என்றேன்.

"இருங்க, அவசரப்படுத்தாதீங்க." வெகுநேரம் பார்த்தார். டுவைட் தலையை நீட்டி, "பின்பக்கம் தேஞ்சிருக்கே?" என்றார். ராலின் சிரித்துவிட்டார்.

"தேஞ்சிருக்காம்! கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கோ டுவைட். அச்சே நடுவுல உள்வாங்கியிருக்கு, எழுத்து எங்கேர்ந்து எழும்பும்? சுத்தி மினுமினுப்பைப் பாரு. திருப்பு. தலைமயிர் ஒவ்வொண்ணா எண்ணலாம். கை தேய்ச்சா ஒரு பக்கம் மட்டுமாய்யா தேய்க்கும்?"

"அப்போ நாப்பதா?" என்றார் டுவைட்.

"கூர்மை நாப்பதுதான். தாடைக்குக் கீழே ஒரு பழைய கீறல் இருக்கு பாரு, இமைமயிர் மாதிரி. அதுக்கு அஞ்சு கழிக்கணும். முப்பத்தஞ்சு. எவன் கேட்டாலும் முப்பத்தஞ்சு. எஃப்ரைம், இது பட்டியல்ல நாலாவது இடம். ஊருக்குப் போனதும் எழுதிடறேன்."

அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை. என் வீட்டு மேசையில் இருந்ததால் என்னுடையது என்று எண்ணிக்கொண்டார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதை முன்னே எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருந்தா மறப்பேனா?" என்றார்.

திருமதி கிரேன், எனக்கு அதற்குப் பிறகு காப்பி இறங்கவில்லை. அவர் என் நண்பர். காசையும் அட்டையையும் இத்துடன் அனுப்புகிறேன். மேற்கொண்டு என்ன செய்வது என்பது உங்கள் பாடு. நானும் முப்பத்தைந்துதான் போட்டேன்.

பணிவுடன்,
எஃப்ரைம் ஸ்டாஃபர்

*

மேரியெட்டா
29 செப்டம்பர் 1979

அண்ணா,

நலம். அண்ணி நலமா என்று அவருக்கே தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இத்துடன் இரண்டு அட்டைகளின் நகல். இரண்டிலும் உன் கையெழுத்து. ஒன்றில் பதினைந்து, மே மாதம் நீ அனுப்பியது. இன்னொன்றில் முப்பத்தைந்து, போன சனிக்கிழமை ஸ்டாஃபர் வீட்டுச் சமையலறையில் எழுதியது. காசு ஒன்றுதான். பர்டெட்டினுடையது. நான்தான் அங்கே அனுப்பினேன். அவரைக் கோபிக்காதே, யாருடையது என்று நீ கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

இரண்டு எண்ணும் மாறியதற்காக நான் கோபப்படவில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று தோன்றுவது எல்லோருக்கும் நடப்பதுதான். கட்டுரை திருத்தும்போது எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் அது ஐந்தோ ஆறோ மாறும். இருபது மாறாது.

நீ எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. முப்பத்தைந்து அட்டையில் 'தாடைக்குக் கீழே பழைய கீறல்' என்று இருக்கிறது. பதினைந்து அட்டையில் கீறல் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கீறல். குறைக்கவேண்டும் என்று துடித்த உனக்கு அது கிடைத்திருந்தால் விட்டிருப்பாயா?

கையில் எடுத்த காசை மறந்ததில்லை என்று எழுதினாய். அதை நான் இப்போதும் நம்புகிறேன். ஸ்டாஃபர், 'முன்னே பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டபோது நீ பொய் சொல்லவில்லை. நீ மறக்கவில்லை அண்ணா. மே மாதம் நீ பார்க்கவே இல்லை. உறையிலிருந்து பாதி இழுத்து, மங்கிய எழுத்தைக் கண்டதும் மறுபடி உள்ளே தள்ளியிருப்பாய். நீ மதிப்பெண் போட்டது பர்டெட்டின் கையெழுத்துக்கு. அவர் கோட்டுக்கு. அவர் உன் முதுகில் தட்டியதற்கு.

அதற்கு மேல் ஒன்று. மே மாதம் நான் எழுதிய மினுக்கம், தலைமயிர், ஒரு பக்கம் மட்டும் தேய்க்காத கை, அத்தனையும் ஸ்டாஃபர் வீட்டில் உன் வாயிலிருந்து வந்திருக்கிறது. அந்தப் பாவம் டுவைட்டைக் கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொன்னாயாமே. எழுதியவள் தங்கை என்றால் அது துக்கம், சொன்னவன் நீ என்றால் அது ஞானமா?

என் கணவர் நாற்பது என்று போட்டார். கீறலுக்குக் கழிக்கவில்லை. ஐந்து ஏற்றித்தான் போட்டிருக்கிறார். அது அவர் குணம். நீ இருபது இறக்கிப் போட்டாய். இனிமேல் கழகத்தில் கார்க்கடை மார்க் என்று யாராவது சிரித்தால், அந்த இருபதையும் நினைத்துக்கொள்.

நவம்பரில் பட்டியல் அச்சுக்குப் போகிறது. என்ன செய்வாய் என்று பார்க்கிறேன்.

ஹெஸ்டர்

*

அக்டோபர் முழுக்கக் கடிதம் இல்லை. நவம்பரிலும் இல்லை. நன்றித் திருநாளுக்கு ஆண்டுதோறும் அண்ணி அனுப்பும் கிரான்பெர்ரி டப்பா மட்டும் வந்தது. அதற்குள் துண்டுச்சீட்டு எதுவும் இல்லை.

*

வூஸ்டர்
3 டிசம்பர் 1979

ஹெஸ்டருக்கு,

நாங்கள் நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

நீ செய்தது தங்கை செய்கிற காரியம் இல்லை. என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். இரண்டு பேர் முன்னால் என்னைக் குரங்காக்கிவிட்டாய். டுவைட் கேலர் இதை யார்க் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். போன வாரம் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டு, "ராலின், ஒரு காசு அனுப்பறேன். உங்களுக்குப் பிடிச்சவர் பேரை உறையில எழுதணும், யார் பேர் எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எஃப்ரைமோடு பேச்சு நின்றுவிட்டது.

நேராகக் கேட்டேனே என்பாய். ஆமாம், கேட்டாய்.

மே மாதம் உறையைத்தான் பார்த்தேன். அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. விருந்து மேசையில் எல்லோருக்கும் முன்னால் பர்டெட் கத்துவதுபோலவே இருந்தது. காசை வெளியே எடுத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். எடுத்த ஞாபகம் இல்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

பட்டியல் அச்சாகிவிட்டது. ஒரு பிரதி தனியாக வரும். நாலாவது, முப்பத்தைந்து, பர்டெட் கிரேன், மேரியெட்டா. நான்தான் எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை.

அவர் பெட்டியில் மீதி இருப்பவற்றையும் அனுப்பு. உறையில்லாமல் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

ராலின்

*

மேரியெட்டா
10 டிசம்பர் 1979

அண்ணா,

நான் நலம். பட்டியல் வந்தது. அந்த வரியைப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. அதை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். காற்று பலமாக இருந்ததால் கத்தித்தான் வாசிக்கவேண்டியிருந்தது. அவருக்குப் பிடித்திருக்கும்.

நேராகக் கேட்டேனே என்று நான் எழுதும் முன்பே நீ எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிக்காக உன் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். மற்ற வரிகளுக்காக இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். உன்னைக் குரங்காக்கியது நான் இல்லை. இரண்டு பேர் முன்னால் நீ அழகாகத்தான் பார்த்தாய். அவ்வளவு அழகாகப் பார்க்கத் தெரிந்தவன் எனக்காக ஒருமுறை பார்க்கவில்லையே என்பதுதான் என் கோபம்.

மீதியை அனுப்பமாட்டேன். உறையோடும் அனுப்பமாட்டேன், உறையில்லாமலும் அனுப்பமாட்டேன். பார்க்கவேண்டுமானால் இங்கே வா. பெட்டி அவர் மேசையில் அவர் வைத்தபடியே இருக்கிறது. அவற்றில் முக்கால்வாசி கார்க்கடை மார்க்தான், எனக்கே தெரியும். நீ கழி, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் கல்லறைக்கு வரவேண்டும். பிறகுதான் பெட்டி.

ரோடு வறண்டிருக்கும்போது வா. பனி பெய்தாலும் வா.

உன் தங்கை,
ஹெஸ்டர்

*

அண்ணன் வரவில்லை. கிரான்பெர்ரி டப்பா வருகிறது. ஆண்டுக் கூட்டத்தில் அவர் ஜன்னலோர மேசையில் உட்காருவார், நான் கதவோர மேசையில். போன கூட்டத்தில் அவர் முன்னால் யாரோ ஒரு காசை வைத்தபோது கவனித்தேன்: கேட்காமலே உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் லென்ஸை எடுத்தார். நான் எழுந்து போய் அந்த மேசையில் உட்காரவில்லை. பெட்டி இன்னும் பர்டெட் வைத்தபடியே இருக்கிறது, அண்ணன் இன்னும் மேரியெட்டாவுக்கு வரவில்லை.

கேட்ட அம்மாளுக்குப் பதில் இதுதான். அவருக்கும், இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு சின்னப் பயிற்சி தருகிறேன். அடுத்த முறை உங்கள் கைக்கு ஒரு காசு வந்தால், அதை எடுத்துத் துணிமேல் வைத்துவிட்டு உறையைப் பக்கத்து அறையில் போட்டுவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணை மையால் எழுதி முடித்த பிறகே அந்த அறைக்குப் போங்கள்.